களா கத்ரும் மனித விருப்புரிமையும்: பூவிருந்தவல்லிச் சாலையில் ஒரு பழைய வினா

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் பாரிவாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதி, சென்னை மாநகரம் மேற்கே விரிந்து வந்ததில் மனைப்பிரிவுகளின் பகுதியாக மாறியிருக்கிறது. பூவிருந்தவல்லிக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையில் அங்கு 47 செ.மீ.யும் தாம்பரத்தில் 49 செ.மீ.யும் பதிவாயின. அவ்வேரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி என்ற அளவை எட்டியது. அதன் பின் நிகழ்ந்தவை நாம் அனைவரும் அறிந்தவையே.

வெள்ளம் வடிந்தபோது எங்கும் கேட்ட சொல் ஒன்று உண்டு. இந்துச் சகோதரர்கள் அதை 'விதி' என்றார்கள். நம்மவர் 'தக்தீர்' என்றார்கள். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, அதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்று குறித்தது. ஒரே நீர், அதற்கு இரண்டு விளக்கங்கள். இறைவனின் நாட்டமின்றி ஓர் இலையும் அசைவதில்லை என்று நம்பும் நாம், இவ்விரண்டில் எதனை ஏற்பது? இரண்டையும் ஏற்க முடியுமெனில், எந்த அளவில் ஏற்பது?

மனிதனுக்கு உண்மையில் விருப்புரிமை உண்டா என்னும் வினாவை வகுப்பறைத் தத்துவமாகக் கருதுவோர் பலர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இவ்வினாவுக்காக மனிதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இதன் விடையைக் கொண்டு ஆட்சிகள் தம்மை நியாயப்படுத்தியிருக்கின்றன. பாரிவாக்கத்தைச் சுற்றியுள்ள இந்நிலத்திலும் இது பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மண்ணில் ஊழும் முயற்சியும்

இஸ்லாம் இக்கரையை அடைவதற்கு முன்பே தமிழர் இவ்வினாவோடு போராடிக்கொண்டிருந்தனர். திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தளராத முயற்சியால் ஊழையும் புறங்காண இயலும் என்கிறது. வள்ளுவர் இரண்டையும் ஒரே நூலில் வைத்துவிட்டு, அவற்றுக்கிடையே தீர்ப்பு எதுவும் வழங்காமல் சென்றார். உரையாசிரியர்கள் அப்பணியை இன்றளவும் செய்து வருகிறார்கள்.

இதில் மிகக் கடுமையான நிலையை எடுத்தவர்கள் ஆசீவகர்கள். புத்தரின் காலத்தவரான மற்கலி கோசாலரின் வழிவந்த இவர்கள், அனைத்தும் 'நியதி'யால் முன்னரே வரையறுக்கப்பட்டவை என்றனர். உருட்டிவிட்ட நூற்பந்து தன் நீளம் முடியும் வரை அவிழ்ந்துகொண்டே செல்வதைப் போல, மூடனும் அறிஞனும் தத்தம் பிறவிகளை முடித்தே விடுதலை பெறுவர். இடையில் செய்யும் முயற்சியால் அது விரைவதும் இல்லை, தாமதிப்பதும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. வடநாட்டில் மறைந்த பின்னும் இச்சமயம் தென்னாட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. மணிமேகலையில் ஆசீவகவாதி பேசுகிறார். நீலகேசி அவர்களோடு வாதிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அவர்களை மறுத்தார். அவர்கள் மீது விதிக்கப்பட்ட 'ஆசுவக் கடமை' என்னும் வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. எல்லாம் நியதி என்று நம்பியவர்களும் உரிய காலத்தில் வரி செலுத்த வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பூவிருந்தவல்லிக்கே இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இராமானுசரின் ஆசான்களுள் ஒருவராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பி இவ்வூரில் பிறந்தவர். காஞ்சி வரதராசரிடமிருந்து அவர் இராமானுசருக்குப் பெற்றுத் தந்ததாக வைணவ மரபு கூறும் ஆறு வார்த்தைகளுள், இறைவனிடம் சரணடைதலே வழி என்பதும் ஒன்று. அச்சரணாகதியில் மனிதனின் பங்கு எவ்வளவு என்ற வினா பிற்காலத்தில் வைணவரை இரு கலைகளாகப் பிரித்த வேறுபாடுகளில் முதன்மை பெற்றது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல் அடியான் தானும் பற்ற வேண்டும் என்றனர் வடகலையார். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை என்றனர் தென்கலையார். உவமைகள் எளியவை. ஆனால் இஸ்லாமியக் கலாம் அறிஞர்கள் பஸ்ராவிலும் பக்தாதிலும் சமர்கந்திலும் வாதிட்டதற்கு மிக நெருங்கியவை.

டமாஸ்கஸின் அரசியலும் பஸ்ராவின் வினாவும்

இஸ்லாமிய வரலாற்றில் இவ்வினா கொள்கைச் சிக்கலாக உருவெடுத்தது உமையா ஆட்சிக் காலத்தில்தான். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பஸ்ராவில் வாழ்ந்த மஃபத் அல்ஜுஹனீ, மனிதனின் செயல்கள் அவனுடைய ஆற்றலாலேயே நிகழ்கின்றன என்று பேசினார். ஆட்சியாளர் செய்யும் கொடுமைகளை இறைவிதியின் கணக்கில் எழுதுவதை அவர் ஏற்கவில்லை. இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சியை ஒட்டி அவர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அதே கருத்தைச் சொன்ன கைலான் அத்திமிஷ்கீ, கலீஃபா ஹிஷாமின் (724–743) காலத்தில் மரண தண்டனை பெற்றார். இத்தகையோர் 'கதரிய்யா' என்று அழைக்கப்பட்டனர்.

இதிலிருந்து, உமையாக்கள் விதிக்கொள்கையை வளர்த்தனர், விருப்புரிமை பேசியோரை ஒழித்தனர் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை. இதற்கு நேர்மாறாக, மனிதன் காற்றில் பறக்கும் இறகைப் போன்றவன், அவனுக்குச் செயல் என்று எதுவும் இல்லை என்னும் 'ஜப்ரிய்யா' கொள்கையின் முதன்மையாளராகக் கருதப்படுபவர் ஜஹ்ம் இப்னு சஃப்வான். குராசானில் ஆட்சிக்கு எதிராக எழுந்த ஹாரிஸ் இப்னு சுரைஜின் அணியில் நின்ற அவரும் 746இல் அதே உமையா அதிகாரிகளால் கொல்லப்பட்டார். அதிகாரம் வெட்டியது கொள்கையை மட்டுமன்று, எதிர்ப்பையே. எனினும், தன் தவறுக்குப் பொறுப்பேற்க விரும்பாத எந்த அரசுக்கும் விதி என்னும் சொல் வசதியானது என்பதை அக்கால அறிஞர்கள் உணர்ந்தே இருந்தனர். ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் கலீஃபா அப்துல் மலிக்குக்கு எழுதியதாகக் கூறப்படும் மடல் இவ்வுணர்வையே காட்டுகிறது. அம்மடல் அவருடையதுதானா என்பதில் இன்றைய ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முஃதஸிலாக்கள் இறைநீதியை முன்னிறுத்தினர். செய்ய இயலாத ஒன்றைக் கட்டளையிட்டு, அதைச் செய்யாததற்குத் தண்டிப்பது நீதியாகாது; எனவே மனிதன் தன் செயலைத் தானே உருவாக்குகிறான் என்றனர். அவர்களிடமே கல்வி பயின்று பின்னர் விலகிய இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (மறைவு சுமார் 935), இறைவனைத் தவிர வேறு படைப்பாளன் இருக்க முடியாது என்ற அடிப்படையைக் காக்க விரும்பினார். செயலைப் படைப்பவன் இறைவன். அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்ற 'கஸ்பு' கோட்பாட்டை அவர் வகுத்தார். காய்ச்சலில் கை நடுங்குவதற்கும் நாமாகவே கையை உயர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் தம்முள்ளேயே அறிகிறோம் என்பது அஷ்அரீக்கள் காட்டும் சான்று. அதே காலத்தில் சமர்கந்தில் வாழ்ந்த இமாம் அபூ மன்ஸூர் அல்மாதுரீதீ (மறைவு 944), மனிதனின் தேர்வுக்கு இன்னும் சற்றுக் கூடுதலான இடம் அளித்தார்.

இக்கோட்பாடுகள் மூன்று வழிகளில் நம் பகுதியை அடைந்தன. கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ உலமாக்கள் வழியாக அஷ்அரீ அகீதா வந்தது. உள்நாட்டு ஹனஃபீ மத்ரஸாக்களில் மாதுரீதீ மரபு ஊன்றியது. நஸஃபீயின் அகாயித் நூலுக்குத் தஃப்தாஸானீ எழுதிய விரிவுரை அங்குப் பாடநூலாயிற்று. மூன்றாவது வழி கோல்கொண்டா ஆட்சி. பூவிருந்தவல்லியின் பழைய பள்ளிவாசல், அப்துல்லாஹ் குதுப்ஷாவின் ஆட்சியில் 1653இல் அஸ்தராபாத் நகரத்துத் துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் என்பவரால் எழுப்பப்பட்டது. அஸ்தராபாத் என்பது இன்றைய ஈரானின் குர்கான். கோல்கொண்டா அரசவை இமாமிய்யா மரபைச் சார்ந்தது. முழுக் கட்டாயமும் இல்லை, முழு ஒப்படைப்பும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே உண்மை என்னும் இமாம் ஜஃபர் ஸாதிக்கின் பெயரால் வழங்கும் கருத்தே அம்மரபின் விடை. மூன்று வழிகளும் வெவ்வேறு சொற்களில் ஒரே நடுநிலத்தைத் தேடின என்பது நமக்கு விளங்குகிறது.

சென்னைக்கு வந்த பஹ்ருல் உலூம்

இவ்வினாவை நம் பகுதியில் மிக ஆழமாகக் கையாண்ட பேரறிஞர், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ள மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் (1731–1810) ஆவார். லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிவுக் குடும்பத்தில், தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகனாகப் பிறந்தவர். லக்னோவை விட்டு ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் என ஊர் ஊராகச் சென்று கற்பித்த அவரை, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலீ வாலாஜா சென்னைக்கு அழைத்தார். நவாப் அவருடைய பல்லக்குக்குத் தாமே தோள்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இறுதிக்காலம் வரை அவர் சென்னையிலேயே கற்பித்தார்.

முஹிப்புல்லாஹ் பிஹாரீயின் 'முஸல்லமுஸ் ஸுபூத்' என்னும் உஸூலுல் ஃபிக்ஹ் நூலுக்கு அவர் எழுதிய 'ஃபவாதிஹுர் ரஹமூத்' இன்றும் அறிஞர் உலகில் பயிலப்படுவது. சட்டத்தின் அடிப்படைகளைப் பேசும் நூலில் விருப்புரிமை ஏன் இடம்பெறுகிறது என்று கேட்கலாம். கட்டளை என்று ஒன்று இருந்தால், அதை ஏற்கவும் மறுக்கவும் வல்ல ஒருவன் இருந்தாக வேண்டும். ஆகவே சட்டத்தின் முதல் வினாவே இதுதான். அந்நூல் எடுத்துரைக்கும் ஹனஃபீ நிலைப்பாடு நுட்பமானது. இறைவன் மனிதனுக்குள் ஓர் ஆற்றலைப் படைத்திருக்கிறான். அவ்வாற்றலை ஓர் உறுதியான தீர்மானத்தை நோக்கித் திருப்புவதே மனிதனின் ஈட்டல். தீர்மானம் உறுதியானதும், அதற்குரிய செயலை இறைவன் தன் வழமைப்படி படைக்கிறான். ஆக, மனிதனுக்கு உரியது மிகச் சிறிய இடம்: திரும்பும் இடம். ஆனால் விசாரணை முழுவதும் அந்த இடத்தைப் பற்றியதே.

சட்ட அறிஞர்கள் இத்துடன் நிற்கவில்லை. விருப்புரிமையை 'உண்டு, இல்லை' என்ற ஒற்றை விடையாகக் கொள்ளாமல் அளந்து பார்த்தனர். சிறுவர், மனநிலை பிறழ்ந்தோர், உறங்குவோர், மறந்தோர், போதையிலிருப்போர், வற்புறுத்தப்பட்டோர் என ஒவ்வொருவரின் பொறுப்பும் எவ்வளவு குறைகிறது, எதில் குறைவதில்லை என்று தனித்தனியே ஆராய்ந்தனர். உயிருக்கு அஞ்சிச் செய்ததும் பொருளிழப்புக்கு அஞ்சிச் செய்ததும் ஒன்றல்ல என்றனர். வேண்டுமென்று கொன்றவனையும் தவறுதலாகக் கொன்றவனையும் பிரித்தனர். கலாம் அறிஞர்கள் முடிவுகாண முடியாமல் வாதிட்ட அதே நூற்றாண்டுகளில், காஜிகள் நாள்தோறும் இந்த அளவையைக் கொண்டு தீர்ப்பு வழங்கி வந்தனர்.

பஹ்ருல் உலூம் ரூமியின் மஸ்னவிக்கும் விரிவுரை எழுதியவர். அம்மஸ்னவியில் ஒரு கதை வருகிறது. பிறர் தோட்டத்து மரத்தில் ஏறிக் கனிகளை உலுக்கிய ஒருவன், இது இறைவனின் தோட்டம், நான் இறைவனின் அடியான், தடுப்பதற்கு நீ யார் என்று கேட்கிறான். தோட்டக்காரர் அவனை மரத்தில் கட்டிவைத்து அடிக்கத் தொடங்குகிறார். அவன் அலறியபோது, இதுவும் இறைவனின் தடிதான், அடிப்பவனும் இறைவனின் அடியான்தான் என்கிறார். வலியின் நடுவே அவனுக்கு விருப்புரிமையில் நம்பிக்கை பிறந்துவிடுகிறது. விதியைப் பேசுவோர் பெரும்பாலும் தம் குற்றத்துக்கே அதைப் பேசுகிறார்கள், பிறர் தமக்கு இழைத்த குற்றத்துக்குப் பேசுவதில்லை என்பதை இக்கதை நகைப்போடு உணர்த்துகிறது.

கோகலே மண்டபத்தில் இக்பால்

பஹ்ருல் உலூம் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின், 1929 ஜனவரியில், அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்தார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் அழைப்பில், வள்ளல் ஜமால் முகம்மது சாகிபின் ஆதரவில் நிகழ்ந்த அச்சொற்பொழிவுகளில் மூன்று கோகலே மண்டபத்தில் ஆற்றப்பட்டன. பின்னர் ஹைதராபாத்திலும் அலீகரிலும் தொடர்ந்த அவ்வுரைகள் 1930இல் நூலாயின.

தக்தீர் என்பதை வெளியிலிருந்து எஜமானனைப் போல் நம்மை விரட்டும் சக்தியாக இக்பால் காணவில்லை. ஒரு பொருளின் உள்ளே இறைவன் வைத்திருக்கும், வெளிப்படக் காத்திருக்கும் சாத்தியங்களே அதன் தக்தீர் என்றார். சுயமாக முடிவெடுக்கும் உயிர்களைப் படைத்தது இறைவனின் ஆற்றலைக் குறைப்பதாகாது. அது அவனே விரும்பி ஏற்ற வரையறை என்றும் விளக்கினார். அவர் சொன்ன அனைத்தையும் நம் உலமாக்கள் ஏற்றுக்கொண்டதில்லை. ஆயினும் விதி நம்பிக்கையைச் சமூகத் தேக்கத்துக்குப் போர்வையாக்கிக்கொண்டோம் என்ற அவரது குற்றச்சாட்டிலிருந்து நாம் எளிதில் தப்ப முடியாது.

நம் காலத்தில் இவ்வினா ஆய்வுக்கூடத்துக்கும் சென்றுவிட்டது. 1983இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வில், விரலை அசைக்க முடிவுசெய்ததாக ஒருவர் உணர்வதற்குச் சுமார் மூன்றில் ஒரு விநாடி முன்னரே மூளையில் அதற்கான மின்னலை தொடங்கிவிடுவது காணப்பட்டது. விருப்புரிமை வெறும் தோற்றமே என்று பலர் அதைக்கொண்டு முடிவுகட்டினர். 2012இல் ஆரன் ஷுர்கரும் அவருடைய துணை ஆய்வாளர்களும், அவ்வலை முன்கூட்டிய முடிவன்று, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம் என்று காட்டினர். விவாதம் முடியவில்லை. விரலை இப்போது அசைப்பதா, சற்றுப் பின்பா என்பது பொறுப்பேதும் சுமக்காத செயல். உண்மை சொல்வதா, பொய் சொல்வதா என்று ஒரு சாட்சி இரவெல்லாம் தவிப்பதை அக்கருவிகள் அளந்ததில்லை.

ஸர்கில் கிடைத்த விடை

இத்தனை கோட்பாடுகளும் எழுவதற்கு முன்பே, எந்தத் தத்துவச் சொல்லும் இன்றி, இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்திருந்தது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி (கி.பி. 639) ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னும் இடத்தில் இச்செய்தியை அறிந்தார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் கலந்தார்கள், கருத்துகள் பிரிந்தன. குறைஷி முதியவர்கள் ஒருமனதாகத் திரும்பிச் செல்லுமாறு கூறவே, அவ்வாறே முடிவாயிற்று. அப்போது படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள், இறைவனின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பதாக உமர் (ரலி) அவர்களின் விடை அமைந்தது. ஒரு பள்ளத்தாக்கில் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எச்சரிவில் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே நடக்கும்; ஆனாலும் மேய்ப்பவன் பசுமையைத் தேடுகிறான் அல்லவா என்று விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவிக்க, அம்முடிவு உறுதியாயிற்று. அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களோடு ஷாமிலேயே தங்கி, அந்நோயிலேயே ஷஹீதானார்கள்.

இரு பெருமக்களுமே விதியை நம்பியவர்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். இருவரும் தம் கையில் இருந்த முடிவைத் தாமே எடுத்தார்கள். எடுத்த முடிவுக்குத் தாமே பொறுப்பேற்றார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டுத் தமிழகப் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, ஜும்ஆவை விடுவது தக்தீரின் மீது நம்பிக்கையின்மை ஆகாதா என்று கலங்கியவர்களுக்கு இந்நிகழ்ச்சியே ஆறுதலாகவும் வழிகாட்டியாகவும் அமைந்தது.

இனிப் பாரிவாக்கத்துக்குத் திரும்புவோம். ஒரே நாளில் 47 செ.மீ. மழை பெய்தது எந்த மனிதரின் முடிவும் அன்று. அதன் முன் நாம் கைகட்டி நிற்கத்தான் வேண்டும். அங்கே தக்தீர் என்று சொல்வது ஈமான். ஆனால் ஏரிக்குள் மனை பிரித்ததும், அதை விற்றதும், கால்வாயின் போக்கில் சுவர் எழுப்பியதும், விலை மலிவென்று அதை வாங்கியதும், அனுமதித்ததும், கண்டும் காணாதிருந்ததும் மனிதத் தீர்மானங்கள். ஒவ்வொன்றிலும் ஆற்றல் திரும்பிய ஓர் இடம் இருந்தது. அவற்றையும் தக்தீர் என்று சொன்னால், தோட்டத்தில் கனி திருடியவனின் வாதத்தையே நாம் திரும்பச் சொல்கிறோம்.

மழையளவையும் மனைப்பத்திரத்தையும் ஒரே சொல்லால் மூடிவிடுவதில்தான் நம் பிழை இருக்கிறது. எவ்வளவு நம் கையில் இருந்தது என்று அளந்து கேட்கும் பழக்கத்தை நம் சட்ட அறிஞர்கள் விட்டுச் சென்றிருக்கிறார்கள். விருப்புரிமை பற்றிய இறுதி உண்மையை இறைவனே அறிவான். மறுமையில் நம்மிடம் கேட்கப்படப்போவது அவ்வுண்மை அன்று. நமக்குத் தரப்பட்ட சிறிய இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதே. அக்கேள்விக்கு இங்கேயே, ஏரியில் மிச்சமிருக்கும் நீர்ப்பரப்பைக் காப்பதிலிருந்தே, விடை எழுதத் தொடங்கலாம்.